எஞ்சின் சூடு

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் ‘சூடு’ என்று சொன்னால் அது எஞ்சினின் சூடுதான். வண்டி சூடாகிவிட்டது, சற்று நிறுத்துவோம் என்பார்கள். ஓட்டுகிறவன் சூடாகிவிட்டான் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இருபது வருஷங்களாக நானும் இந்த வழக்கிலேயே பேசிவந்தேன். 2019 மே மாதம் ஒரு பகலில், திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவே, இந்தச் சொல் வழக்கு என் நண்பனுடைய உயிரை ஏறக்குறைய வாங்கிவிட்டது. மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி பழைய புல்லட். 346 சிசி, உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளை வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் வரையப்பட்ட எஞ்சின் இது. 1955ல் சென்னையில் கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் அது நம்முடையதாயிற்று. குளிரிலும் மழையிலும் ஓடுவதற்கென்று நினைத்துச் செய்த ஒரு பொருளை, அதன் இறக்கைத் தகடுகளின் அளவைக்கூட அதிகம் மாற்றாமல், நாம் அக்னி நட்சத்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அது ஓடிற்று என்பதுதான் ஆச்சரியம். என்னிடம் வந்தபோது வண்டி ஏற்கனவே இரண்டு கை மாறியிருந்தது.

இந்த எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. எரிகிற பெட்ரோலின் சக்தியில் காற்பங்குக்குச் சற்று முன்பின்னாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மற்றதெல்லாம் வெப்பமாக வெளியே போகவேண்டும்: ஒரு பகுதி சைலன்சர் வழியாக, ஒரு பகுதி உருளையைச் சுற்றியுள்ள தகடுகளின் வழியாகக் காற்றுக்கு. வெளியே போகிற இந்த வெப்பத்தை வீண் என்று நினைப்பது தவறு. வெப்பத்தில் ஒரு பங்கையாவது வெளியே தள்ளாமல் எந்த வெப்ப எஞ்சினும் தொடர்ந்து வேலை செய்ய முடியாது. பிரெஞ்சுக்காரர் கார்னோ 1824ல் தொடங்கிவைத்த சிந்தனை இது. சூடு உள்ளே உண்டாவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அது வெளியேறும் வழி அடைபடும்போதுதான் ஆபத்து.

இதை எனக்குச் சொல்லித்தந்தது புத்தகம் அல்ல. பொன்மலைப் பக்கம் ஒரு மெக்கானிக். அவருடைய தகப்பனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் நீராவி எஞ்சின் பிரிவில் இருந்தவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928ல் திருச்சிக்கு மாற்றிக் கொண்டுவரப்பட்ட பணிமனை அது. நீலகிரி மலை ரயிலின் எஞ்சின்களை இன்றைக்கும் அங்கேதான் பிரித்துப் பழுதுபார்க்கிறார்கள். மெக்கானிக்குக்கு நீராவி எஞ்சின் தெரியாது. ஆனால் வீட்டில் கேட்டது காதில் இருந்தது.

அவருடைய விதிகள் ஐந்தாறுதான். தகடுகளுக்கு நடுவே சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரவிடக்கூடாது. அது எஞ்சினுக்குக் கம்பளி போர்த்துவதற்குச் சமம். ஆயில் அளவு குறையக்கூடாது. கார்ப்பரேட்டரில் பெட்ரோலைச் சிக்கனமாக வைக்கக்கூடாது. காற்று மிகுந்த கலவை கூடுதலாகச் சூடேறும். டைமிங் பிந்தக்கூடாது. பிரேக் உரசிக்கொண்டே வந்தால் எஞ்சின் இல்லாத பாரத்தை இழுக்கிறது என்று அர்த்தம். நிற்பதற்கு முன்னால் கடைசி 2 கிலோமீட்டர் மெதுவாக வந்து அணைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடாக இருக்கிற உருளையின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

“ஊத்தினா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“விரிசல் விட்டுரும் சார். வார்ப்பிரும்பு. ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் சுருங்காம நின்னா வேற என்ன ஆகும்? அவசரப்பட்டு ஊத்திக் கொண்டாந்த வண்டி எத்தனையோ பாத்திருக்கேன்.”

பேச்சோடு பேச்சாகத் தகப்பனார் சொல்வதாக ஒன்றைச் சொன்னார். நீராவி எஞ்சினில் புதிதாக நிற்கிற ஆள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பானாம். பழகினவன் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பான். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும். மட்டம் இறங்கிக் கூரை வெளியே தெரிந்தால், அங்கே வைத்திருக்கும் ஈயப் பிளக் உருகி நீராவி நெருப்பின்மேல் பாயும். கடைசி எச்சரிக்கை அது. “நெருப்பைப் பாக்காதே, தண்ணியைப் பாருன்னு எங்கப்பா சொல்வாரு சார்.”

நல்ல வாக்கியம் என்று பட்டது. வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. குறித்துவைத்ததோடு அந்த விஷயம் நமக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

நண்பன் ஸ்ரீரங்கத்துக்காரன். உத்திர வீதியில் பிறந்து வளர்ந்தவன். கவிதை எழுதுகிறவன், வருஷத்துக்கு நாலு கவிதை எழுதினால் அதில் இரண்டைக் கிழித்துவிடுவான். பேச்சிலும் அதே சிக்கனம். ஒரு முழு மாலையை அம்மா மண்டபத்தில் என்னோடு உட்கார்ந்து பத்து வார்த்தைக்குமேல் பேசாமல் கழித்திருக்கிறான். எனக்கு அது பிடிக்கும். மௌனத்தை அவனுடைய பாணியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய தொகுப்பைப் பற்றி ஒருமுறை எழுதியபோதும் அதையே பாராட்டி எழுதினேன்.

ராமேஸ்வரம் வரை போய்வருவதென்று பேச்சு. புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் என்று வழி. விடியற்காலை 5 மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. மே மாதத்தில் அதுதான் முறை என்பது திருச்சியில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் முதல் நாள் இரவு ஆயிலைப் பார்த்தபோது கறுத்திருந்தது. மாற்றாமல் புறப்படமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மெக்கானிக் கடை 9 மணிக்குத்தான் திறக்கும். 1976ல் கட்டிய காவிரிப் பாலத்தை நாங்கள் கடந்தபோதே வெயில் ஏறியிருந்தது. கீழே ஆறு இல்லை, மணல்தான். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பதே அந்த வருஷம் நிச்சயமில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்மலையில் ஆயில் மாற்றி, தகடுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, டோல்கேட் தாண்டி விமான நிலையத்தைக் கடக்கும்போது மணி 10:30. எஞ்சினைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதற்காக ஐந்தரை மணி நேரத்தை இழந்து, உச்சி வெயிலுக்குள் நேராகப் போனோம்.

நண்பனுக்கு அப்போது 61 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிறுநீரை அதிகமாக்குகிற வகை. வழியில் அடிக்கடி இறங்கவேண்டிவரும் என்ற கூச்சத்தில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்திருந்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. வெயில் படாமலிருக்க நைலான் ஜாக்கெட் ஒன்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தான். அதன்மேல் முழு ஹெல்மெட்.

கீரனூரில் முதல் நிறுத்தம். உள்ளங்கையை உருளைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். வழக்கமான சூடுதான். புதுக்கோட்டையில் இரண்டாவது. அங்கே ஒரு சின்ன வேப்பமரம். ஓர் ஆள் நிற்கவோ ஒரு வண்டி நிறுத்தவோ போதுமான நிழல். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு நாங்கள் வெயிலில் நின்றோம். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. தாங்க்கில் பெட்ரோல் சூடேறிக் குழாயிலேயே ஆவியாகி ஓட்டம் தடைப்படும் என்று ஒரு பயம். பழைய வண்டிக்காரர்கள் ஈரச்சாக்கு போடுவார்கள். கையிலிருந்த இரண்டு பாட்டிலில் ஒன்றைத் துண்டில் ஊற்றிப் பிழிந்து தாங்க்கின்மேல் விரித்தேன். நண்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். துண்டு அவனுடையது.

திருமயம் கோட்டை தெரிந்தது. இந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவன் தவறாமல் ஒன்று சொல்வான். திருமயம் பெருமாள் கோயிலை ஆதிரங்கம் என்பார்கள், “எங்க ஊர்க்காரர் முதல்ல இங்கதான்டா படுத்துண்டிருந்தார். நாங்க மாத்தல் ஆகி வந்தவா” என்பான். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கவனித்தேன். ஏதோ யோசனையில் இருக்கிறான், கலைக்கவேண்டாம் என்று நினைத்தேன். ஒரு கவிதை வந்துகொண்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். மேட்டில் ஏறும்போது தட்டுகிறதா, சத்தம் மாறுகிறதா, எண்ணெய் கருகும் வாசனை வருகிறதா. எதுவும் இல்லை. திருமயம் தாண்டிச் சில கிலோமீட்டரில் தலையைத் திருப்பி, “தண்ணி வேணுமாடா?” என்று கத்தினேன்.

“பஸ் வந்துடுத்தா?” என்றான்.

சிரித்தேன். அவனுடைய ஹாஸ்யம் அந்த ரகம்தான். இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். அவனுடைய ஹெல்மெட் என் முதுகில் வந்து மோதிற்று. மீண்டும் மோதிற்று. நிறுத்தினேன். இறங்கியவன் சாலையின் நடுப்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். பிடித்து இழுத்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். முகம் சிவந்து, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் காய்ந்திருந்தது. கையைத் தொட்டபோது எனக்குத் தெரிந்த ஒரு சூடு. கீரனூரில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்த அந்தச் சூடு என்று சொன்னால் மிகை. ஆனால் அப்போது அப்படித்தான் தோன்றிற்று.

சாலையோரம் ஓலைக் கொட்டகையில் ஓர் அம்மாள் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார். அவனை அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். அந்த அம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார். பிறகு தண்ணீர்ப் பானையை அப்படியே தூக்கினார்.

நான் சொன்ன வார்த்தை: “ஊத்தாதீங்க.”

ஏன் சொன்னேன் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். வெயிலில் வந்தவுடன் தண்ணீர் படக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அது ஒரு காரணமாக இருக்கலாம். உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு முன்னால் கிடந்தது வார்ப்பிரும்பு. விரிசல் விட்டுவிடும் என்று பயந்தேன்.

“ஏய்யா, மனுசன் கொதிக்கிறாரு. பாத்துக்கிட்டு நிக்கிறீக” என்று சொல்லி அந்த அம்மாள் தலையிலிருந்து கால்வரை பானையைக் கவிழ்த்தார். இன்னொரு பானையையும் ஊற்றினார். நுங்கின்மேல் போட்டிருந்த ஈரச்சாக்கை எடுத்து அவன் மார்பில் போட்டு, பனைமட்டையால் விசிற ஆரம்பித்தார். என்னிடம் ஒரு மட்டையை நீட்டினார். வழியில் வந்த ஒரு வேனை நிறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்வரை, வேனுக்குள்ளும், விசிறிக்கொண்டே இருந்தேன். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, தண்ணீர் ஊற்றியது யார் என்று. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சும் தடுமாறினால், ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. குளிரவைப்பதை இருக்கிற இடத்திலேயே ஆரம்பிக்கவேண்டும், ஆஸ்பத்திரி வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகு சில நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். குற்ற உணர்ச்சிக்கு எனக்குத் தெரிந்த மருந்து அது.

ஒரு பொருள் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும் வேகம், இரண்டுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை ஏறக்குறைய ஒட்டியே போகும். நியூட்டன் 1701ல் எழுதியது. எஞ்சினின் தலைப்பகுதி 180 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்று 30 டிகிரியாக இருந்தால் வித்தியாசம் 150. காற்று 42 டிகிரியாக ஏறினால் வித்தியாசம் 138. ஆக, கத்திரி வெயிலால் எஞ்சின் இழக்கிற குளிர்ச்சி நூற்றுக்கு 8 பங்கு. அவ்வளவுதான். நெரிசலில் நின்றுநின்று போகும் வண்டிக்குக் காற்றோட்டமே இல்லாமல்போவது இதைவிடப் பெரிய விஷயம். திறந்த சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற எஞ்சினுக்கு 42 டிகிரிக் காற்றும் குளிர்ந்த காற்றுதான்.

இனி, அதே காற்றில் பின்னால் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கலாம். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று 30ஆக இருந்தால் அது அவனிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 42 என்றால் கணக்கின் குறி மாறிவிடுகிறது. காற்று அவனுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. வேகம் கூடக்கூட இன்னும் அதிகமாகக் கொடுக்கிறது. எஞ்சினை ஆற்றுகிற காற்றே மனிதனைச் சுடுகிறது. இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஒரே சமயத்தில். எஞ்சினின் நிலையைக் கொண்டு மனிதனின் நிலையை ஊகிக்க வழியே இல்லை.

மனிதனுக்கு அந்நேரத்தில் ஒரே கதி வியர்வை. 1 லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மிகப் பெரிய அளவு அது. ஆனால் வியர்வைக்குத் தண்ணீர் உள்ளே இருக்கவேண்டும். ஆவியாவதற்குத் தோலின்மேல் காற்று படவேண்டும். நண்பனிடம் தண்ணீர் இல்லை. காற்று படாமல் நைலான் மூடியிருந்தது. பருத்திச் சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தால் போதும். துண்டு இருந்தது. அது தாங்க்கின்மேல் இருந்தது. எஞ்சின் காற்றுக் குளிர்ச்சி, மனிதன் தண்ணீர்க் குளிர்ச்சி. பொன்மலைக் கிழவர் சொன்னது இதுதான். அவருடைய வாக்கியம் என் நோட்டுப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

நம்முடைய எழுத்தில் நெருப்புக்கு எப்போதும் நல்ல பெயர். கனல், தீ, வேள்வி, உலை என்று அரை நூற்றாண்டாகப் படித்துவருகிறேன், நானும் எழுதியிருக்கிறேன். உள்ளே எரிவதைப் பற்றித்தான் எல்லாம். எரிகிறவன் தண்ணீர் குடித்தானா என்று எந்தக் கவிதையும் கேட்பதில்லை. மௌனம் என்ற சொல்லுக்கும் இதே கதி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடம் என்று நாம் அதற்குக் கட்டுரைகள் எழுதிவிட்டோம். ஒருவன் பேசாமலிருந்தால் அதற்கு அர்த்தம் தேடப் பழகிவிட்டோம். நாக்கு வறண்டிருக்கலாம் என்ற எண்ணம் கடைசியாகத்தான் வருகிறது. என் விஷயத்தில் வரவே இல்லை. அவனை நான் ஒரு பிரதியாக வாசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நுங்கு விற்ற அம்மாளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தொட்டுப் பார்த்தார்.

நண்பன் பிழைத்துவிட்டான். முழுதாக அல்ல. சூட்டுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கிற பகுதிகளில் சிறுமூளையும் ஒன்று. நடையில் ஒரு தள்ளாட்டம் நின்றுவிட்டது. பேச்சு ஒவ்வொரு அசையாக, நிறுத்தி நிறுத்தி வருகிறது. கையெழுத்து போய்விட்டது. கவிதை தோன்றினால் எனக்குப் போன் செய்கிறான், நான் எழுதிக்கொள்கிறேன். வரி எங்கே முறிகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. அவன் நிறுத்துமிடம் எல்லாம் இப்போது வரியின் முடிவு அல்ல.

போன சித்திரையில் அவனைத் திருவானைக்காவலுக்கு அழைத்துப்போனேன். ஆட்டோவில்தான். ஜம்புகேஸ்வரர் அப்பு லிங்கம். கர்ப்பக்கிருகத்தில் நீர் ஊறிக்கொண்டிருக்கும். வெளியே கல்லில் கால்வைக்க முடியாத வெயில். உள்ளே தரை ஈரம். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நான் பையிலிருந்த பாட்டிலை இரண்டு தரம் நீட்டினேன். இரண்டு தரமும் மறுக்காமல் குடித்தான். என் திருப்திக்காகக் குடிக்கிறான் என்று தெரிந்தது.

பிரகாரத்தில் உட்கார்ந்தோம். புல்லட்டை இன்னும் வைத்திருக்கிறாயா என்று கேட்டான். வைத்திருக்கிறேன் என்றேன். காலை 6 மணிக்குமேல் எடுப்பதில்லை, பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை என்று சொல்லவில்லை.

திருமயத்துக்குப் பிறகு அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. எத்தனையோ முறை என்னிடம் கேட்டுக் கேட்டு, பானை, சாக்கு, வேன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கிறான். அன்றைக்குப் புதிதாக ஒன்று கேட்டான். வார்த்தைகள் வந்துசேர நேரமாயிற்று.

“அன்னிக்கி... எஞ்சின்... எப்படிடா இருந்தது?”

“நன்னாத்தான் இருந்தது” என்றேன்.